கீசர் வால்வு சொட்டுகிறதா? அடைக்காதீர்கள், அடியில் ஒரு டம்ளரை வையுங்கள்

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டதும் எங்கள் கடைக்கு ஒரு கேள்வி வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, கீசருக்கு அடியில சொட்டிக்கிட்டே இருக்கு. அந்த ஓட்டைய எதை வெச்சு அடைக்கிறது?" கும்பகோணத்தில் பைப், வால்வு, டேப் விற்கிற சின்னக் கடை எங்களுடையது. பங்குனியில் அணைத்த கீசரை ஆறேழு மாதம் கழித்துப் போடுகிறார்கள், இரண்டாம் நாளே சொட்டுகிறது. மார்கழி வந்துவிட்டால் இந்தக் கேள்வி வராத நாளே கிடையாது.

அடைப்பதற்கென்று எம்-சீல் கேட்டால் நான் கொடுப்பதில்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து ஐந்து நிமிஷம் பேசுவேன். அந்தப் பேச்சைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில், அது என்ன வால்வு

கீசரின் அடியில் இரண்டு குழாய் இருக்கும். நீல வளையம் போட்டது பச்சைத் தண்ணீர் உள்ளே போகிற வழி. சிவப்பு வளையம் போட்டது வெந்நீர் வெளியே வருகிற வழி. நீலப் பக்கத்தில், கனெக்ஷன் பைப்புக்கும் கீசருக்கும் நடுவில், கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளைச் சாமான் உட்கார்ந்திருக்கும். பக்கவாட்டில் சின்ன மூக்கு, அதையொட்டி ஒரு லீவர். கடைகளில் சேஃப்டி வால்வு, பிரஷர் வால்வு, மல்டி ஃபங்ஷன் வால்வு என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எல்லாம் இதுதான்.

இதற்குள் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, தண்ணீரை உள்ளே விடும், ஆனால் வந்த வழியே திரும்பிப் போக விடாது. இன்னொன்று, உள்ளே அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டினால் ஸ்பிரிங் பின்வாங்கி, மூக்கு வழியாகக் கொஞ்சம் தண்ணீரை வெளியே விட்டு அழுத்தத்தைக் குறைக்கும். அந்த எல்லை நம் ஊர் ஸ்டோரேஜ் கீசர்களில் பெரும்பாலும் 8 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கிற அலகு). கீசரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் 0.8 எம்பிஏ என்று போட்டிருந்தால் அதுவும் 8 பார்தான்.

தண்ணீர் சூடானால் விரியும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 25 டிகிரியில் இருக்கிற தண்ணீர் 60 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய 1.4 சதவீதம் பெருகும். 25 லிட்டர் கீசரில் அது 350 மில்லி, 15 லிட்டர் கீசரில் 200 மில்லிக்குச் சற்று மேல். குழாய்கள் மூடியிருக்கின்றன, திரும்பிப் போகிற வழியை வால்வே அடைத்து நிற்கிறது. அந்த 350 மில்லி எங்கே போகும்? மூக்கு வழியாகத்தான் சொட்டியாக வேண்டும். ஆகவே சூடாகும்போது சொட்டுகிற வால்வு நல்ல வால்வு.

யூடியூபில் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க வீடியோக்களில் ஆளுயர டாங்கின் தலையில் பெரிய வால்வு ஒன்றைக் காட்டுவார்கள். அது 150 பிஎஸ்ஐ அழுத்தத்திலோ 99 டிகிரி சூட்டிலோ திறக்கிற வகை, அது பொருந்துகிற இடமும் வேறு. அதைப் பார்த்து நம் கீசரில் எதையும் கழற்றாதீர்கள்.

எங்கிருந்து வருகிறது?

சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆரம்பியுங்கள். கீசருக்கு நேர் கீழே பிளக் பாயின்ட் இருக்கிற வீடுகள் நம்மூரில் நிறைய. தண்ணீர் அதன் மேல் விழுந்திருந்தால் கையை வைக்க வேண்டாம், மெயின் பாக்ஸில் எம்சிபியையே இறக்கிவிடுங்கள்.

காய்ந்த துணியால் அடிப்பக்கம் முழுக்கத் துடையுங்கள். பிறகு தினசரித்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து நாலு இடத்தில் சுற்றுங்கள்: வால்வின் மூக்கில், வால்வு கீசரில் ஏறுகிற மரையில், கனெக்ஷன் பைப் வால்வில் சேருகிற நட்டில், வெந்நீர்ப் பக்கத்து நட்டில். கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். எந்தத் தாள் முதலில் ஊறியதோ அங்கேதான் கோளாறு. கண்ணால் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் மரையில் கசிகிற தண்ணீர் வால்வின் மேலேயே வழிந்து, மூக்கு நுனியில் திரண்டுதான் சொட்டும்.

நட்டில் கசிந்தால் உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர் போயிருக்கும், சில ரூபாய்ச் செலவு. மரையில் கசிந்தால் கழற்றி டெஃப்லான் டேப் சுற்றி மறுபடி ஏற்ற வேண்டும். நாலு தாளும் காய்ந்திருக்க, கீசரின் அடிமூடிக்குள்ளிருந்து துருநிறத்தில் தண்ணீர் வந்தால் கேஸ்கெட்டோ டாங்கோ போய்விட்டது. அதற்கு கம்பெனி ஆள்தான் வர வேண்டும். மூக்கில்தான் வருகிறது என்று உறுதியானால் மேலே படியுங்கள்.

எப்போது சொட்டுகிறது? டம்ளர் சோதனை

இதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். அவசரப்பட்டு வால்வை மாற்றியவர்கள் பாதிப் பேர் அதே சொட்டோடு மறுவாரம் திரும்பி வந்திருக்கிறார்கள்.

காலையில் கீசர் ஆறிக் கிடக்கும்போது மூக்குக்கு அடியில் ஒரு சொம்பைத் தொங்கவிடுங்கள். பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போடுங்கள். சொட்டினாலும் சொம்பில் விழ வேண்டும், பிளக் பக்கம் ஒரு துளி போகக்கூடாது. குழாயைத் திறக்காமல், சூடேறுவதைக் காட்டுகிற விளக்கு அணைகிற வரை காத்திருங்கள். 2,000 வாட் கீசர் 15 லிட்டரைச் சூடேற்ற ஏறத்தாழ 18 நிமிஷம் ஆகும், 25 லிட்டருக்கு அரை மணி. காயிலில் உப்பு ஏறியிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். விளக்கு அணைந்ததும் சொம்பில் இருப்பதை 200 மில்லி டம்ளரில் அளந்து பாருங்கள். 25 லிட்டர் கீசருக்கு ஒன்றேமுக்கால் டம்ளர் வரை இருந்தால் அது விரிந்த தண்ணீர். சூட்டை அதிகமாகத் திருகி வைத்து 75 டிகிரி வரை போனால் 570 மில்லி கூட வரும். கவலையே வேண்டாம்.

இரவு சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, குழாயைத் திறந்து வெந்நீரை ஓடவிட்டு ஆற்றுங்கள். சொம்பை மறுபடி தொங்கவிட்டுத் தூங்கப் போங்கள். விடிந்ததும் சொம்பு காய்ந்திருந்தால் வால்வு நன்றாக இருக்கிறது. தண்ணீர் இருந்தால் வால்வு சரியாக மூடவில்லை.

மூன்றாவது சோதனையை முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். கீசர் அணைந்தே இருக்கட்டும். ஒருவரை மோட்டாரைப் போடச் சொல்லிவிட்டு நீங்கள் மூக்கைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். மோட்டார் ஓடும்போது மட்டும் சொட்டினால் குற்றம் வால்வில் இல்லை, லைனில்.

வருகிற தண்ணீரைப் புறங்கையிலும் வாங்கிப் பார்க்கலாம். வால்வு பச்சைத் தண்ணீர்ப் பக்கம் இருப்பதால் சாதாரணமாக வருவது குளிர்ந்தோ வெதுவெதுப்பாகவோதான் இருக்கும். கொதிக்கக் கொதிக்க வந்தாலோ, மூக்கிலிருந்து ஆவி சீறினாலோ கையைக் கொடுக்காதீர்கள். உடனே எம்சிபியை இறக்கிவிட்டு, கீழே தெர்மோஸ்டாட் பகுதிக்குப் போங்கள்.

டேங்க் உயரம் காரணமாக இருக்குமா?

"மாடி டேங்க் ரொம்ப உயரத்துல இருக்கு, அந்த பிரஷர்தான்" என்று நிறையப் பேர் சொல்வார்கள். கணக்கு ஒத்துவராது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம். கீசருக்கு மேலே ஆறு மீட்டரில் டேங்க் இருந்தால் 0.6 பார். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி. அதன் உச்சியில் டேங்கை வைத்துத் தரையில் கீசரை மாட்டினால் கூட ஆறரை பார்தான் வரும், 8 பார் வால்வு வாயைத் திறக்காது.

மோட்டார் கதை வேறு. நம் பக்கம் புது வீடுகளில் பிரஷர் பம்ப் வைக்கிறார்கள். சில வீடுகளில் டேங்குக்குப் போகிற போர்வெல் லைனிலிருந்தே ஒரு டீ (T) இணைப்பு போட்டு பாத்ரூமுக்கும் இழுத்திருப்பார்கள், கரண்ட் இருக்கும்போது தண்ணீர் வேகமாக வரட்டும் என்று. 60 மீட்டர் ஹெட் உள்ள, அதாவது அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றக்கூடிய, மோட்டார் மூடிய குழாயைத் தள்ளினால் 6 பார் வரை ஏறும். போதாததற்கு மோட்டாரைப் போடும்போதும் அணைக்கும்போதும் குழாயில் "டொம்" என்று ஓர் அடி கேட்குமே, அந்த ஒரு கணம் அழுத்தம் இன்னும் மேலே துள்ளும். கீசர் லைனை டேங்கிலிருந்து தனியாகப் பிரித்துவிடுவதுதான் நிரந்தர வழி. பிரஷர் பம்ப் இருந்தே ஆக வேண்டும் என்றால் கீசருக்கு முன்னால் அழுத்தம் குறைக்கிற வால்வு ஒன்றைப் போட்டு 3 பாருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

மணலும் உப்பும்

இரவு சோதனையில் சொம்பு நிறைந்ததா? அப்படியானால் பத்துக்கு எட்டு, வால்வின் இருக்கையில், அதாவது மூடி வந்து உட்காருகிற இடத்தில், ஏதோ சிக்கியிருக்கிறது. டெல்டா மண் ஆறு கொண்டுவந்து கொட்டிய மண். போரிலிருந்து பொடி மணல் வராத வீடு குறைவு. டேங்க் கழுவாமல் கிடந்தால், அதன் அடியில் தங்குகிற மணல் முழுக்க கீசரின் நீலக் குழாய்க்குத்தான் வந்து சேரும். கடற்கரையை நெருங்க நெருங்க உப்பு வேறு சேர்ந்துகொள்ளும். பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, டீ போடுகிற பாத்திரத்தில் வெள்ளைப் படலம் என்றால், அதே படலம் வால்வுக்குள்ளும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்த வால்வை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மூக்குக்குள் வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு காய்ந்தது மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. உள்ளே கறுப்பு ரப்பர் இருக்கையில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு மணல் துணுக்கு புதைந்து கிடந்தது. அந்த ஒரு துணுக்குக்கு இரவெல்லாம் ஒரு வாளித் தண்ணீர்.

முதலில் அலசிப் பாருங்கள். கரண்ட் இல்லை, தண்ணீர் ஆறிவிட்டது என்று உறுதி செய்துகொண்டு, அடியில் வாளியை வைத்து லீவரை முழுக்கத் தூக்குங்கள். பத்து வினாடி தண்ணீர் பீச்சட்டும். பிறகு லீவரை விரலோடு மெதுவாக இறக்காமல் சட்டென்று விட்டுவிடுங்கள், ஸ்பிரிங் தட்டி மூட வேண்டும். நாலைந்து முறை இப்படிச் செய்தால் சிக்கிய மணல் பெரும்பாலும் போய்விடும். ஒரு எச்சரிக்கை: பல வருஷம் தொடாத வால்வு ஒருமுறை திறந்தால் மறுபடி மூடாமல் அடம்பிடிக்கும். கீசருக்குப் போகிற தண்ணீரை நிறுத்துகிற கேட் வால்வு எங்கே இருக்கிறது, அது திரும்புகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டு லீவரில் கை வையுங்கள்.

அலசியும் நிற்கவில்லை என்றால் கழற்றி, வெந்நீரில் ஒரு ஸ்பூன் எலுமிச்சை உப்பைக் கரைத்து அரை மணி ஊறவைத்துக் கழுவலாம். பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம், பித்தளையையும் ரப்பரையும் தின்றுவிடும். ஊறவைப்பது இரண்டு மாதத்துக்குத் தாங்கலாம். என்னைக் கேட்டால், கழற்றுகிற சிரமத்தைப் பட்டாகிவிட்டது, புதிதையே போட்டுவிடுங்கள். சில நூறு ரூபாய்ச் சாமான். ஸ்பிரிங்கை இழுத்து விடுவது, அடியில் வாஷர் வைத்து இறுக்குவது போன்ற கைவேலை எதுவும் கூடாது. அது எத்தனை பாரில் திறக்கும் என்பது பிறகு யாருக்கும் தெரியாது.

கொதிநீர் வந்தால்: தெர்மோஸ்டாட்

இது அபூர்வமாக வருகிறது, ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. தண்ணீர் போதுமான அளவு சூடானதும் கரண்டை நிறுத்துவது தெர்மோஸ்டாட். அது ஒட்டிக்கொண்டால் காயில் நிற்காமல் காய்ந்துகொண்டே இருக்கும். யாரும் குளிக்காமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் விளக்கு அணையவே இல்லை என்றால் அதன் மேல்தான் சந்தேகப்பட வேண்டும்.

என் பெரியம்மா வீட்டில் நடந்தது. தெர்மோஸ்டாட் கெட்டுப்போனதைப் பார்க்க வந்த ஓர் எலக்ட்ரீஷியன், புதிது கிடைக்கும் வரை என்று, நடுவில் தெர்மோஸ்டாட் இல்லாமல் காயிலுக்கு "டைரக்ட்" கரண்ட் கொடுத்துவிட்டுப் போனார். பத்து நிமிஷத்தில் அணைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். மார்கழி விடியலில் கோயிலுக்குக் கிளம்புகிற அவசரத்தில் பெரியம்மா மறந்துவிட்டார். அதற்கு முன்பே சொட்டு தொந்தரவாக இருக்கிறதென்று மூக்கில் துணி சுற்றிய ஒரு வேப்பங்குச்சியைச் செருகியும் வைத்திருந்தார்கள். நல்லவேளை, அழுத்தத்தில் குச்சி பிய்த்துக்கொண்டு எதிர்ச் சுவரில் போய் அடித்தது. நான் போய்ச் சேர்ந்தபோது பாத்ரூம் முழுக்க ஆவி, மூக்கிலிருந்து கொதிநீர் சீறிக்கொண்டிருந்தது. அந்தக் குச்சி இறுக்கமாக நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கு நினைத்தாலும் கை நடுங்குகிறது. 8 பார் அழுத்தத்தில் தண்ணீர் 170 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காமல் தண்ணீராகவே நிற்கும். டாங்க் கிழிந்து அழுத்தம் விட்டதும் அதில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும். அந்தச் சின்ன அறையில் அது எங்கே போகும்?

அதனால்தான் எம்-சீல் கேட்டால் கொடுப்பதில்லை. தெர்மோஸ்டாட்டையும், சூடு மிஞ்சினால் கரண்டைத் துண்டிக்கிற கட்-அவுட்டையும் தகுதியான ஆளை வைத்து மாற்றுங்கள். புதிது வரும் வரை அடுப்பில் வெந்நீர் போட்டுக்கொள்ளலாம்.

வால்வை மாற்றுவது எப்படி

பழைய வால்வின் மேல் பொறித்திருப்பதைப் போன் கேமராவில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பெரும்பாலும் அரை இஞ்ச் மரை. புது வால்வின் அழுத்தம் கீசர் தகட்டில் போட்டிருப்பதைவிட அதிகமாக இருக்கக்கூடாது. 6.5 பார் கீசருக்கு 8 பார் வால்வு போட்டால் வால்வு திறக்கும் முன் டாங்க் திணறும்.

எம்சிபி இறங்கியிருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். கேட் வால்வை மூடுங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள், அப்போதுதான் மேலே காற்று போய்க் கீழே தண்ணீர் இறங்கும். லீவரைத் தூக்கி வடியவிடலாம், ஆனால் மெதுவாகத்தான் வடியும். கனெக்ஷன் பைப்பைக் கழற்றி, வால்வைத் திருகி எடுக்கும்போது டாங்கில் மீதி இருப்பது முழுக்க அங்கேதான் கொட்டும். இரண்டு பெரிய வாளி தயாராக இருக்கட்டும்.

திருகும்போது ஒரு ஸ்பானரால் வால்வைப் பிடித்தால், இன்னொன்றால் கீசரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குழாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதைப் பிடிக்காமல் பலத்தைக் காட்டினால் குழாய் டாங்கோடு சேருகிற இடத்தில் விரிசல் விடும். சில நூறு ரூபாய் வேலை புது கீசரில் போய் முடிந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய டேப் துணுக்குகளைப் பல்தேய்க்கும் பிரஷ்ஷால் சுத்தமாக எடுத்துவிட்டு, மரையில் எட்டுப் பத்து சுற்று டெஃப்லான் டேப், மரை ஏறுகிற திசையிலேயே சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் திருகும்போது உரிந்து வந்துவிடும். வால்வில் ஓர் அம்புக்குறி இருக்கும், அது கீசரை நோக்கி இருக்க வேண்டும். கையால் போகிற வரை திருகிவிட்டு, ஸ்பானரால் அரைச் சுற்றிலிருந்து ஒரு சுற்றுக்குள், மூக்கு கீழே பார்க்கிற மாதிரி நிறுத்துங்கள்.

கேட் வால்வைத் திறங்கள். வெந்நீர்க் குழாயில் முதலில் காற்று புஸ்புஸ்ஸென்று வரும், பிறகு தண்ணீர் சீராக விழும். சீராக விழுந்த பிறகே குழாயை மூடி, கசிவு பார்த்து, கரண்ட் கொடுக்க வேண்டும். காலி டாங்கில் சுவிட்சைப் போட்டால் காயில் கருகிவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து நாகை, வேதாரண்யம் பக்கம் கரண்ட் இல்லாமல் நாட்கணக்கில் கிடந்தோமே, அந்த மாதிரி இடைவெளிக்குப் பிறகும் இதே முறைதான்.

மூக்கில் ஒரு சின்ன டியூபைச் சொருகி, சரிவாக இறக்கித் தரைத் துளைக்குக் கொண்டுபோய் விட்டால் சுவரும் பிளக்கும் நனையாது. டியூபின் நுனி திறந்தே இருக்கட்டும், வாளித் தண்ணீரில் முங்கக்கூடாது, நடுவில் திறந்து மூடுகிற குழாய் எதுவும் வைக்கக்கூடாது.

இனி மாதம் ஒருமுறை, கீசர் ஆறியிருக்கும்போது லீவரை ஒரு தடவை தூக்கி விடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை, ஐப்பசிக்கு முன்னால், மாடி டேங்கைக் கழுவிவிட்டு கீசரைப் போடுங்கள். நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீரில் டாங்க் துருப்பிடிக்காமல் காக்க கீசருக்குள் இருக்கிற மெக்னீசியம் ராடும் சீக்கிரம் கரையும். சர்வீஸுக்கு வருகிற ஆளிடம் அதையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

புது வால்வு போட்ட அன்று இரவும் சொம்பைத் தொங்கவிடுங்கள். விடிந்ததும் காய்ந்திருக்க வேண்டும். காலையில் சுவிட்சைப் போட்டதும் புது வால்வும் சொட்டும். பதறிக்கொண்டு கடைக்குக் கிளம்பாமல் டம்ளரை எடுத்து அளந்து பாருங்கள்.